விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் படத்தை எப்படிப் படிப்பது?

இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் இணையத்தில் ஓயாமல் சுற்றிவரும் ஒன்று உண்டு. அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று வானில் போய்க்கொண்டிருக்கிறது. வாலுக்கு முன்னால் உடற்பகுதி ஏறக்குறைய அறுந்த நிலை. இடப்பக்கக் கிடைவாலைக் காணோம். ஜெர்மன் போர்விமானம் மோதிய பிறகும் இது இங்கிலாந்து வரை பறந்து வந்து சேர்ந்தது என்று படத்துக்குக் கீழே எழுதியிருப்பார்கள். படம் உண்மை, மோதலும் உண்மை. இங்கிலாந்து மட்டும் பொய். 'ஆல் அமெரிக்கன்' என்ற அந்த விமானம் 97ஆவது குண்டுவீச்சுக் குழுவைச் சேர்ந்தது. 1943 பிப்ரவரி 1 அன்று துனிஸ் பகுதியில் மோதலுக்கு உள்ளாகி, அல்ஜீரியாவின் பிஸ்க்ரா தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த யாருக்கும் காயமில்லை. அந்தக் குழு அப்போது வட ஆப்பிரிக்காவில்தான் இருந்தது என்பதைப் பார்த்திருந்தாலே கதை நின்றுபோயிருக்கும்.

இவ்வளவு பிரபலமான படத்துக்கே இந்தக் கதி என்றால், வயல்வெளியில் நொறுங்கிக் கிடக்கும் பெயர் தெரியாத விமானங்களின் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றின் கீழே உள்ள குறிப்புகளில் இடம், தேதி, விமான வகை மூன்றுமே தவறாக இருப்பது சாதாரணம். ஆகவே முதல் விதி இதுதான்: குறிப்பைக் கடைசியில் படியுங்கள். இன்ஜின், புரொப்பெல்லர், கதவு, பெயின்ட் என்று உலோகம் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.

எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார்

பிரிட்டனில் இருந்த அமெரிக்கத் தளங்களில் புகைப்படப் பிரிவு தனியாக இயங்கியது. திரும்பி வந்து ஓடுபாதையில் நொறுங்கிய விமானத்தை 4×5 அங்குல நெகட்டிவில் முன்பக்கம், பக்கவாட்டு, சேதமான பகுதி என்று முறையாக எடுத்தார்கள். விபத்து அறிக்கையோடு இணைப்பதும், பழுதுபார்க்கலாமா உதிரி பாகங்களுக்காகப் பிரிக்கலாமா என்று முடிவு செய்வதும்தான் நோக்கம். தளத்திலேயே சரிசெய்யக்கூடியது 'ஏ', பழுதுபார்க்கவே முடியாதது 'இ' என்று சேதத்துக்கு எழுத்து வகைகள் இருந்தன. இந்தப் படங்களில் எண்ணும் தேதியும் பெரும்பாலும் நம்பகமானவை.

எதிரி மண்ணில் விழுந்தவற்றின் நிலைமை வேறு. அருகிலிருந்த ஜெர்மன் விமானத்தளத்திலிருந்து காவல் போடுவார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய் தன் சொந்தக் கேமராவில் எடுத்த 6×9 செ.மீ. பிரின்ட்தான் இன்று ஏலத்துக்கு வரும் படங்களில் அதிகம். பின்னால் பென்சிலில் 'நாலு இன்ஜின் விமானம்' என்று மட்டும் இருக்கும். ஊர்ப்பெயர் இருந்தால் அது விமானம் விழுந்த ஊரா, சிப்பாய் தங்கியிருந்த ஊரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிரச்சாரப் பிரிவின் படக்காரர்கள் எடுத்தவை வேறு ரகம். நல்ல வெளிச்சம், நல்ல கோணம், முன்னால் நிற்கும் வெற்றிபெற்ற விமானி. நெதர்லாந்து போன்ற ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் ஊர்மக்கள் தடையை மீறி ஒளிந்து எடுத்த படங்களும் கிடைக்கின்றன. தூரத்திலிருந்து எடுத்ததால் விமானம் சிறியதாக இருக்கும். ஆனால் தேவாலயக் கோபுரம், கால்வாய், மரவரிசை எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட உதவும் படம் இல்லை.

ஜெர்மானியர்களுக்குச் சிதைவுகள் வெறும் வெற்றிச் சின்னங்கள் அல்ல. 1943 பிப்ரவரி 2-3 இரவில் ரோட்டர்டாம் அருகே விழுந்த ஒரு பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் விமானத்திலிருந்துதான் எச்2எஸ் என்ற தரை காட்டும் ரேடார் முதன்முதலாக அவர்கள் கையில் சிக்கியது. அதையே 'ரோட்டர்டாம் கருவி' என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். அந்த அலைகளை மோப்பம் பிடிக்கும் 'நாக்ஸோஸ்' கருவி அதிலிருந்து பிறந்தது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் பத்திரிகைக்குப் போகும் படங்களில் ஆன்டெனாக்களையும் ரேடார் கூண்டையும் பெயின்ட் அடித்து மறைத்ததும் இதே கவலையால்தான். பத்திரிகைப் படத்தில் விமானத்தின் வயிறு சந்தேகப்படும்படி வழவழப்பாக இருந்தால், அங்கே ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் படங்களை மொத்தமாகப் பார்க்கிறவர்கள் மறந்துவிடும் ஒன்று: நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் 'நல்ல' விபத்துகளின் படங்கள். விமானி கட்டுப்பாட்டோடு வயிறு உரச இறக்கிய விமானம் முழுதாகக் கிடக்கும், அதைப் படமெடுக்கலாம். 6,000 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக நெதர்லாந்தின் ஈரமண்ணில் பாய்ந்த விமானம் ஒரு பள்ளத்தையும் சில தகட்டுத் துண்டுகளையும் மட்டுமே விட்டுச் செல்லும். இன்ஜின்கள் பல மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கும். அதை யார் படமெடுப்பார்? பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் பெரும்பாலோருடைய முடிவு எப்படி இருந்தது என்பதை இந்தப் படங்களைக் கொண்டு மதிப்பிடக் கூடாது.

உலோகம் சொல்வது

வகையைக் கண்டுபிடிக்க இன்ஜினிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் எரிந்துபோன விமானத்திலும் இன்ஜின் மிஞ்சும். பி-17இல் ரைட் சைக்ளோன்: ஒரே வரிசையில் வட்டமாக 9 சிலிண்டர்கள். இன்னொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரில் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப்: முன்னும் பின்னுமாக இரு வரிசையில் 14 சிலிண்டர்கள். மூடி பிழைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். பி-17இன் இன்ஜின் மூடி வட்டம், பி-24இன் மூடி பக்கவாட்டில் அகன்ற முட்டை வடிவம். பிரிட்டிஷ் லங்காஸ்டரில் பெரும்பாலும் மெர்லின்: 'வி' வடிவில் 12 சிலிண்டர்கள், பக்கத்துக்கு ஆறு. ஆனால் இதை வைத்து மட்டும் லங்காஸ்டர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஹாலிஃபாக்ஸிலும் தொடக்ககாலத்தில் மெர்லின்தான். பிற்கால ஹாலிஃபாக்ஸிலும் லங்காஸ்டர் 2 ரகத்திலும் ஹெர்குலிஸ் என்ற 14 சிலிண்டர் வட்ட இன்ஜின். ஹெர்குலிஸில் வால்வைத் தள்ளும் தண்டுகளுக்காகச் சிலிண்டர் தலைக்கு ஓடும் புஷ்ராட் குழாய்களே கிடையாது; அமெரிக்க இன்ஜின்களில் அவை முகப்பிலேயே தெரியும்.

அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். லங்காஸ்டர் முழு டேங்கோடு கிளம்பினால் இறக்கைகளில் சுமார் 9,800 லிட்டர் பெட்ரோல். அது பற்றிக்கொண்டால் நடுப்பகுதி முழுவதும் சாம்பலும் உருகிய கட்டிகளும்தான். எஃகில் செய்த சக்கரக் கால்கள், சிலிண்டர்கள், கவசத் தகடுகள், துப்பாக்கிக் குழல்கள் மிஞ்சும். இந்தக் குவியலுக்குள் இன்ஜின் புகையால் சுழன்று காற்றை அழுத்தும் டர்போசார்ஜரின் சக்கரம் தெரிந்தால் அது அமெரிக்கத் தயாரிப்பு. பி-17, பி-24 இரண்டிலும் இன்ஜினுக்கு ஒன்று உண்டு, லங்காஸ்டரிலும் ஹாலிஃபாக்ஸிலும் கிடையாது. தயாரிப்புதான் அமெரிக்கா. ஓட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்களாகவும் இருக்கலாம், அவர்களும் லிபரேட்டரை நிறையவே பயன்படுத்தினார்கள். வால் மட்டும் ஏன் இத்தனை படங்களில் தனியாகப் பிழைத்து நிற்கிறது என்பதற்கும் விடை இந்தத் தீயிலேயே இருக்கிறது. டேங்குகள் இறக்கையில், வால் அங்கிருந்து வெகு தொலைவு; மோதலில் முறிந்து தனியே போய் விழுந்துவிடும்.

அடுத்து புரொப்பெல்லர். படத்தில் இதைவிட அதிகம் பேசும் பாகம் இல்லை. இன்ஜின் விசையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இறகுகள் மண்ணைத் தொட்டால், எல்லா இறகுகளின் நுனியும் ஒரே மாதிரியாக முன்னோக்கிச் சுருளும். விசை இல்லாமல் காற்றில் சும்மா சுழன்றுகொண்டிருந்தால் மண் அவற்றைப் பின்னோக்கி மடக்கும். பழுதான இன்ஜினின் இறகு விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, சுழற்சியை நிறுத்திவிடுவார்கள்; இதற்கு ஃபெதரிங் என்று பெயர். அப்படி நிறுத்தியதில் கீழே இருக்கும் இறகு மட்டும் மடங்கும், மேலே நிற்பது நேராகவே இருக்கும். எனவே நான்கு புரொப்பெல்லர்களையும் வரிசையாகப் பார்த்தால் கடைசி நிமிடத்தில் எத்தனை இன்ஜின்கள் ஓடின என்று ஓரளவு சொல்லிவிடலாம். மூக்கு குத்தி விழுந்த விமானத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. சில ஹாலிஃபாக்ஸ்களில் இருந்த மர இறகுகள் மடங்காமல் சிதறிப்போகும், அங்கும் இதைப் பார்க்க முடியாது.

இதற்குப் பாடம்போல அமைந்த சிதைவு லிபியப் பாலைவனத்தில் கிடந்த 'லேடி பி குட்'. அமெரிக்காவின் 376ஆவது குண்டுவீச்சுக் குழுவின் பி-24டி. 1943 ஏப்ரல் 4 இரவு வழி தவறி, தன் தளத்தைத் தாண்டித் தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டது. பெட்ரோல் தீரும் நிலையில் ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்துவிட்டார்கள். ஆளில்லாத விமானம் மேலும் 26 கி.மீ. போய்த் தானாகவே மணலில் வயிறு உரச இறங்கியது. 1958இல் எண்ணெய் தேடும் குழுவினர் வானிலிருந்து அதைப் பார்த்த பின்னர்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஓட்ட ஆளில்லாமலே தரையிறங்கிய விமானம் முழுதாகக் கிடக்கும் அந்தப் படங்களைப் பார்க்கும் எவரும் விமானி திறமையாக இறக்கியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு இன்ஜின் என்பதும், மற்ற மூன்றும் நிறுத்தப்பட்டவை என்பதும் புரொப்பெல்லர்களிலிருந்தே தெரிந்தது.

கதவும் கூண்டும் பணியாளர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லும். பி-17இன் வயிற்றுக்கடியில் உருண்டையான துப்பாக்கிக் கூண்டு ஒன்று தொங்கும். வயிறு உரச இறங்கினால் அது நசுங்கி மேலே ஏறி, உடற்பகுதியின் முதுகையே முறித்துவிடும். நேரம் இருந்தால் தனிக் கருவி கொண்டு அதன் தாங்கிகளைக் கழற்றி, கூண்டை வானிலேயே கீழே விட்டுவிடுவார்கள். படத்தில் கூண்டு இருக்க வேண்டிய இடம் சுத்தமான வட்ட ஓட்டையாக இருந்தால், இறங்குவதற்கு முன் இவர்களுக்குப் போதிய அவகாசம் இருந்திருக்கிறது. பின்பக்கக் கதவு கீலோடு சேர்ந்து காணாமல் போயிருந்தால், குதிப்பதற்காக அதை உதறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கதவைப் பிறகு யாராவது கழற்றியிருக்கவும் கூடும். அதனால் இதை ஒற்றைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பி-17 வயிறு உரச இறங்கிய படங்கள் ஏராளமாகவும், பி-24இல் அதே மாதிரிப் படங்கள் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் கட்டமைப்பு. பி-17இன் இறக்கை தாழ்வானது, மடக்கிய சக்கரம்கூடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; தரையின் அடியை இவை வாங்கிக்கொள்ளும். பி-24இன் இறக்கை உடலின் மேற்பகுதியில். அடியில் இருப்பவை சுருண்டு மேலேறும் மெல்லிய தகட்டுக் கதவுகள். அவை உள்வாங்கியதும் உடல் இறக்கைக்குப் பின்னால் முறிந்துவிடும். கடலில் இறக்கினால் இன்னும் மோசம்.

பெயின்டும் ஃபிலிமும்

பிரிட்டிஷ் இரவு குண்டுவீச்சு விமானத்தின் பக்கவாட்டில் படையணியின் இரண்டு எழுத்துகளும் விமானத்தின் ஓர் எழுத்தும் பெரிதாக இருக்கும். வாலுக்கு முன்னால் 20 செ.மீ. உயரத்தில் வரிசை எண். எல்லாம் கறுப்புப் பின்னணியில் மங்கிய சிவப்பு. சிப்பாய்களின் கேமராவில் அடிக்கடி இருந்தது ஆக்ஃபா ஐசோக்ரோம் போன்ற ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு கண்ணே தெரியாது. கறுப்பு மேல் சிவப்பு, கறுப்பு மேல் கறுப்பாகவே பதிவாகும். 'எழுத்தே இல்லாத மர்ம விமானம்' என்று எழுதப்பட்டவற்றில் பல இப்படி வந்தவைதான். படத்தில் எந்த ஃபிலிம் என்று தெரிந்துகொள்ள, பிரிட்டிஷ் விமானத்தில் நீலமும் சிவப்புமாக இருக்கும் வட்டச் சின்னத்தைப் பாருங்கள். நீலம் வெளிறி, நடுச் சிவப்பு கறுத்திருந்தால் ஆர்த்தோ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்க்ரோமாட்டிக்.

மறைந்த எழுத்தை மீட்க வழி உண்டு. பெயின்டின் பளபளப்பு பின்னணியிலிருந்து சற்றே வேறுபட்டிருக்கும். வெயில் சாய்ந்து விழுந்திருந்தால் எழுத்தின் விளிம்பு நூலிழை போலப் பதிந்திருக்கும். 6×9 செ.மீ. பிரின்ட் நெகட்டிவோடு ஒட்டவைத்து எடுத்தது, பெரிதாக்கியதல்ல. எனவே நுணுக்கம் அப்படியே இருக்கும். 1200 டிபிஐயில், 16 பிட்டில், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் சுமார் 2,800×4,250 புள்ளிகள் கிடைக்கும். பிறகு படம் திருத்தும் மென்பொருளில் ஒளி அளவை மாற்றும் கர்வ்ஸ் கருவியால் இருண்ட பகுதியை மட்டும் விரித்துப் பாருங்கள். ஜேபெக்கில் சேமித்தால் முதலில் அழிவது அந்த இருட்டுப் பகுதியின் நுணுக்கம்தான்.

அமெரிக்க நட்சத்திரச் சின்னம் நாள்காட்டி மாதிரி உதவும். நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தால் 1942 மே மாத உத்தரவுக்கு முந்தைய பெயின்ட். இரு பக்கமும் வெள்ளைப் பட்டையும் சுற்றிச் சிவப்புக் கோடும் 1943 ஜூன் இறுதியில் வந்தன. சில மாதங்களுக்குள் சிவப்புக் கோடு நீலமாக மாறியது. பெயின்ட் அடிக்காத வெள்ளி நிற பி-17 ஐரோப்பியப் போர்முனையில் தெரிந்தால் அது பெரும்பாலும் 1944 அல்லது அதற்குப் பிறகு. இந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்குத்தான் செல்லும். பட்டை இருந்தால் 1943 ஜூனுக்கு முந்தைய படமாக இருக்க முடியாது. பட்டை இல்லை என்பதால் ஜூனுக்கு முந்தையது என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் பல விமானங்களுக்குப் புதிய பெயின்ட் தாமதமாகவே அடிக்கப்பட்டது.

இடவல மாற்றம் இன்னொரு தொல்லை. நெகட்டிவைத் திருப்பிப்போட்டு பிரின்ட் எடுத்திருந்தால், எழுத்து தெரியாத படத்தில் அதைக் கவனிக்க மாட்டீர்கள். பி-17, லங்காஸ்டர் இரண்டிலும் பின்பக்க ஏறும் கதவு வலப்பக்கம். இடப்பக்கம் தெரிந்தால் படம் கண்ணாடி பிம்பம்.

எண்ணிலிருந்து காகிதத்துக்கு

அமெரிக்க வரிசை எண்ணில் முன்னால் வருவது நிதியாண்டு. வாலில் எழுதும்போது அந்த ஆண்டின் முதல் இலக்கத்தையும் இடைக்கோட்டையும் விட்டுவிடுவார்கள். 'மெம்ஃபிஸ் பெல்' என்ற பி-17இன் எண் 41-24485. வாலில் இருந்தது 124485. பிரிட்டனில் இருந்த 8ஆவது விமானப்படையின் பி-17களில் வாலின் மேல் பகுதியில் முக்கோணமோ சதுரமோ, அதற்குள் ஓர் எழுத்தும் 1943 நடுப்பகுதியிலிருந்து வரும். முக்கோணத்துக்குள் 'ஏ' என்றால் 91ஆவது குழு. சதுரத்துக்குள் 'டி' என்றால் 100ஆவது. எண்ணில் கடைசி மூன்று இலக்கம் மட்டுமே தெரிந்தாலும், வகையும் குழுவும் கையில் இருந்தால் பட்டியல் ஓரிரு விமானங்களாகச் சுருங்கிவிடும்.

பிரிட்டிஷ் எண்களில் ஒரு வசதி உண்டு. மொத்த உற்பத்தி எதிரிக்குத் தெரியாமலிருக்க எண்வரிசையில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டார்கள். நீங்கள் வாசித்த எண் அந்த இடைவெளியில் விழுந்தால் அப்படியொரு விமானமே இல்லை. 3ஐ 8 என்றோ 6ஐ 5 என்றோ வாசித்திருப்பீர்கள்.

பிறகு ஆவணங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'காணாமல் போன விமானப் பணியாளர் அறிக்கை'கள் 16,000க்கும் மேல் உள்ளன. விமான எண்ணோடு இன்ஜின் எண்கள், இயந்திரத் துப்பாக்கி எண்கள் வரை அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அதே காப்பகத்தில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் அறிக்கைகளும் உண்டு: அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்கு 'கேயூ' வரிசை, போர்விமானங்களுக்கு 'ஜே' வரிசை. விழுந்த இடம், நேரம், சேதம் எத்தனை சதவீதம் என்று தரையில் நின்று பார்த்தவர்கள் எழுதியவை. நெதர்லாந்துக்கு அங்குள்ள வான்போர் ஆய்வுக் குழுவின் இழப்புப் பதிவேடு இருக்கிறது. படத்தில் பனி கிடக்கிறது, பதிவேடு ஜூலை என்கிறது என்றால் பதிவேட்டைத் திருத்தப் போகாதீர்கள். உங்கள் விமானம் வேறு.

ஒரே சிதைவின் பல படங்கள் தனித்தனி விமானங்களாக எண்ணப்படுவதும் உண்டு. காவலர்கள் துப்பாக்கிகளைக் கழற்றியிருப்பார்கள், பிறகு இன்ஜின், டயர், கடைசியில் இறக்கையை வெட்டி லாரியில் ஏற்றியிருப்பார்கள். பி-17இன் துணி போர்த்திய சுக்கான் தீயிலோ நினைவுப்பொருள் தேடுவோர் கையிலோ சீக்கிரமே போய், எலும்புக்கூடு மட்டும் நிற்கும். இரண்டு படங்கள் ஒரே விமானமா என்று பார்க்க, மனிதன் மாற்ற முடியாததை ஒப்பிடுங்கள்: ஒரே இறகின் அதே மடிப்பு, தகட்டுக் கிழிசலின் அதே வடிவம்.

ஒரே ஒரு தடயத்தை நம்பிப் பணியாளர்களின் பெயரைப் படத்தோடு சேர்ப்பது மிகப் பெரிய தவறு. நெதர்லாந்தின் மார்கர்மேர் ஏரியில் 2008இல் தட்டுப்பட்ட ஸ்டெர்லிங் விமானம் முதலில் பிகே710 என்று அடையாளம் காட்டப்பட்டது. பின்னர் கிடைத்த சிகரெட் பெட்டி ஒன்றுதான் அது பிகே716 என்று திருத்தியது; 2020இல் அதை மீட்டெடுத்தார்கள். இரு விமானங்களிலும் பல குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணும் ஆவணமும் ஒத்துப்போய், அவற்றிலிருந்து சாராத இன்னொரு அடையாளமும் பொருந்தும் வரை 'இருக்கலாம்' என்று மட்டுமே எழுதுங்கள்.

அமெரிக்கக் கணக்கில் மட்டும் அந்தப் போரில் காணாமல் போனவர்கள் இன்னும் சுமார் 72,000 பேர். அதனால் ஒரு பழைய படத்தின் பின்னணியில் தெரியும் கோபுரமும் கால்வாயும் தேடும் குழுவுக்கு உண்மையாகவே வேலைக்கு ஆகும். அப்படி ஓர் இடம் பிடிபட்டால், துல்லியமான அமைவிடத்தைப் பொதுவில் போடாமல் அந்த நாட்டு அதிகாரிகளிடம் கொடுங்கள். உலோகம் தேடும் கருவியோடு திருடர்கள் முதலில் போய்விடுவார்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி விழுந்த ராணுவ விமானம் எதையும் உரிமம் இல்லாமல் தோண்டவோ ஒரு துண்டை எடுக்கவோ முடியாது.